‘மற்றவை’யில் விழுந்த பஸ்

போன வாரம் ஆபீஸில் ஒரு சண்டை. ஆரம்பித்தது நான்தான்!

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். சர்வேயில் மக்கள் சொந்த வார்த்தையில் சொல்லும் பதில்களைப் படித்து, வகை பிரித்து, ரிப்போர்ட் எழுதுவது. இந்தமுறை கேள்வி, காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் தாண்டிப் போகும் கடைசி பஸ்ஸைப் பற்றி. ‘நிறுத்தினால் உங்களுக்கு என்ன சிரமம்?’

மானேஜர் முடிவையே எழுதிவிட்டார்: ‘பெரும்பாலோருக்குச் சிரமம் இல்லை.’ ரிப்போர்ட் இப்படியே மேலே போனால் பஸ் நின்றுவிடும்.

பதில்களைத் திறந்தேன். “எனக்கு ஒண்ணுமில்ல. அடுத்த வீட்டுப் பிள்ளைதான் பாவம், வேலை முடிஞ்சு அதுலதான் வரும்.” இன்னொருவர், “நமக்கென்ன... அடுத்த வீட்டுக்காரகதான் அல்லாடுவாக.” பக்கம் பக்கமாக அடுத்த வீடு!

“அடுத்தவுக கதையெல்லாம் ‘மற்றவை’ங்கிற வகைல போட்டுட்டேம்மா” என்றார் மானேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாதவரிடம் தன் கஷ்டத்தைச் சொல்வது எங்கள் பக்கம் கௌரவக் குறைச்சல். இவரும் இந்த ஊர்க்காரர்தானே... மறந்துவிட்டாரா? ஊரில் எல்லோருக்கும் அடுத்த வீடுதான் கஷ்டப்படுகிறது என்றால், அந்த அடுத்த வீடு எது?

விடுவதாக இல்லை. அன்று மாலை அதே பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. சர்வே விஷயம் என்று சொல்லிவிட்டே கேட்டேன்.

“எனக்கென்னங்க... அடுத்த வீட்டுப் பொம்பளதான் வேலைய விடணும்.”

“அவுக எங்க வேலை பாக்குறாக?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாந்தாங்க அது. எம் பேரைப் போட்றாதீக.”

போடவில்லை. ஆனால் மறுநாள் ரிப்போர்ட்டைப் பிரித்து மறுபடி எழுதினேன். ‘அடுத்த வீட்டுக்குச் சிரமம்’ என்று தனி வகை... முதல் பக்கத்திலேயே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே.

“இது உங்க ஊகம்லம்மா?” என்றார் மானேஜர்.

“ஊகமே வேண்டாம் சார். சொந்த வீடோ அடுத்த வீடோ, பஸ் வேணும்னுதானே சொல்றாக? அதை மறைச்சா என் பேரு இதுல வராது.”

மானேஜர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். ரிப்போர்ட் போய்விட்டது.

“கோபமா சார்?”

“எனக்கென்னம்மா... அடுத்த ரூம்காரருக்குத்தான் வருத்தம்.”

அடுத்த ரூம் — ஆளே இல்லாத எங்கள் ஸ்டோர் ரூம்!