முதல் காலடி

ஊர் ஊராக அலைந்து, வியட்நாமில் அவர்களுடைய புத்தாண்டுக்கு முந்தின நாள் ஒரு நூடுல்ஸ் கடைக்காரம்மா வீட்டில் முதுகுப்பையை இறக்கினேன். என் பிறந்த வருஷத்தைக் கேட்டு விரல் விட்டு எண்ணினார். காலையில் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: "புது வருஷத்தில் முதலில் வாசல் தாண்டுகிறவர் எப்படியோ, வீட்டுக்கு வருஷமும் அப்படியே. நீ பிறந்த வருஷம் எங்களுக்குப் பொருத்தம். வெளியே போய் உள்ளே வா."

புருஷன் போன பிறகு எனக்கு ஒரு திறமை வந்திருந்தது: நல்ல காரியத்தில் யார் கண்ணிலும் படாமல் நழுவுவது. எங்கள் ஊர் வல்லம் வடகாலில் யாராவது புது ஷேர் ஆட்டோவுக்குப் பூஜை போட்டால், நான் அடுத்த தெரு வழியாக வேலைக்குப் போவேன். எனக்கும் நிம்மதி, ஆட்டோவுக்கும் நிம்மதி.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்தாள்.

"யக்கா, வாயத் தொறக்காத. கால வச்சிட்டுப் போய்க்கினே இரு. அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. புருஷன் இறந்துவிட்டார் என்று கடைக்காரம்மாவுக்குப் போனில் எழுதிக் காட்டினேன்.

"எப்போது?"

"ரொம்ப வருஷம் ஆச்சு."

"அப்படியானால் துக்கம் முடிந்தது. சீக்கிரம் வா, பசிக்கிறது."

வெளியே போனேன். வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது காலை உள்ளே வைத்தேன். வைத்த கையோடு சுவரோரமாக ஒதுங்கினேன். கடைக்காரம்மா கையைப் பிடித்து நடுவீட்டுக்கு இழுத்தார். நான் ஓரத்தில் நின்றால் அவர்கள் வருஷமும் ஓரமாகவே போய்விடுமாம்.