பழ ரூமில் ஒரு டிரைவர்

யாராவது என் நிரலில் குறை சொன்னால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது. ஐரோப்பாவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, “ஒரு கோப்பில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும். ஒருமுறை வெளியே காட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, யாராவது அதை நம்பி இருப்பார்கள்” என்று எழுதியிருந்தார். எவன் நம்பிக் கிடக்கிறான் என்று சின்னமனூர் மாடியறையில் தனியாகக் கத்தினேன்.

டிரைவர் எழுதுவது என் பிழைப்பு. வண்டி ஓட்டுகிறவர் இல்லை. ஒரு சில்லுக்கும் கம்ப்யூட்டரின் கர்னலுக்கும், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றுக்கும், நடுவே நின்று பேசும் நிரல். சில்லின் அளவுகளையும் அமைப்புகளையும் கர்னல் சின்னச் சின்னக் கோப்புகளாக வெளியே காட்டும். மற்ற நிரல்கள் அவற்றைத் திறந்து படித்துக்கொள்ளும். நானோ வெப்பம், ஈரப்பதம், விசிறி வேகம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒரே வரியாக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாறினால் என்ன குறைந்துவிடும் என்பது என் கட்சி. என் டிரைவரைக் கர்னலோடு சேர்க்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்தான் அந்த ஐரோப்பாக்காரர்.

என் சில்லை வைத்துப் பார்க்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே என் மனைவியின் பழ ரூம். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் குளிர் அறை. புகை போட்ட காலம் போய் இப்போது கேஸும் ஏசியும்தான், ஆனாலும் ஊரில் “மூட்டம் போட்டாச்சா” என்றுதான் கேட்பார்கள். அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். என் கோப்பில் முதலில் இருக்கும் எண்ணை, அதாவது வெப்பத்தை, படித்து, சூடு ஏறினால் ஏசியைப் போட்டு, இறங்கினால் நிறுத்தும் சின்ன நிரல் ஒன்றை அவளே எழுதி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் மார்க்கையன்கோட்டையிலிருந்து காய் வந்து இறங்கியது. பண்ணைப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்திக்கான லோடு. தார்களை எண்ணும்போது எங்கள் பக்கம் ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார்கள். “லாபம், ரெண்டு, மூணு…” என்றுதான் எண்ணுவார்கள். மாடியிலிருந்து கேட்ட எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. காய் நிறம் மாறத் தொடங்கிய நாலாம் நாள், என் வரி மட்டும் மொட்டையாக ஓர் எண்ணில் தொடங்குகிறதே என்று தோன்ற, சில்லு நலமாக இருக்கிறது என்று சொல்லும் ஒரு சொல்லை முன்னால் சேர்த்து, பழ ரூம் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டு, திருப்தியாகச் சாப்பிடப் போனேன்.

அவள் நிரல் எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல்லைப் பார்த்தது. சொல்லைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. அறை ஐஸாகக் கிடக்கிறது என்று நம்பி ஏசியை நிறுத்திவிட்டது.

காலையில் அவள் கதவைத் திறந்ததும் பழ வாசனை மாடிக்கே வந்தது.

“என்னங்க, கீழ வாங்க.” குரலில் சூடே இல்லை. எனக்கு அதுதான் பயம்.

“நேத்து இதுல என்னமும் நோண்டுனீகளா?”

“முன்னால ஒரு வார்த்தை சேத்தேன்.”

“யாருகிட்டச் சொல்லிட்டுச் சேத்தீக?”

ஐரோப்பாக்காரர் சொன்ன, நம்பி இருக்கும் அந்த யாரோ என் எதிரிலேயே கைலியை உதறிக்கொண்டு நிற்பது போலிருந்தது. உண்மையில் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு நின்றாள்.

“சூட்டுல வெந்து கொதிச்ச பழத்தப் பந்தில வைக்க முடியுமா? எங்கப்பா பேரச் சொல்லித்தான இங்கன வாங்க வாராக” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் போனை எடுத்தாள். தேனியில் தெரிந்த ரூமிலிருந்து பந்திக்கு நல்ல பழம் போய்ச் சேர்ந்தது. எங்கள் பழத்தில் பாதி ஜூஸ் கடைகளுக்கு. மீதியை நாங்கள் தின்றோம், பணியாரமாக, அல்வாவாக, வெறும் பழமாக. தட்டோடு நான் தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

நான் முதலிலிருந்து எழுதினேன். வெப்பத்துக்கு ஒரு கோப்பு, ஈரத்துக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று. என் சோதனைக்கு மட்டும் வேண்டியதை வெளியே காட்டவே இல்லை. ஒவ்வொன்றும் என்ன, எந்த அலகில் என்று விளக்கமும் எழுதி அனுப்பினேன். ஐரோப்பாக்காரர் இந்தத் தடவை குறை சொல்லவில்லை. “உங்களைத் தவிர வேறு யாராவது ஓட்டிப் பார்த்தார்களா? சோதித்தவர் பெயரையும் டிரைவரோடு சேர்த்துப் பதிய வேண்டும்” என்றார்.

எங்கள் வட்டாரத்திலேயே அந்தப் பெயருக்கு ஒரே ஆள்தான்.

விளக்கத்தை அவள் வரி வரியாகப் படித்தாள். “இதுல போட்டிருக்கத இனி மாத்த மாட்டீகளே?”

“மாட்டேன். புதுசா என்ன வந்தாலும் தனிக் கோப்பு.”

“ம். அடுத்த லோடு மஞ்சளா எறங்கட்டும். பெறகு பேரப் பத்திப் பேசுவோம்.”

அவள் தன் நிரலை மாற்றி, காய் ஏற்றி, கதவைச் சாத்தினாள். எனக்கு மாடியில் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்க, செருப்பு தேட என்று ஏதாவது சாக்கில் இறங்கிப் போய் நிற்பேன். “அங்கன நிக்காதீக, கண்ணு பட்டுரும்” என்று விரட்டுவாள்.

கதவு திறந்த அன்று அறை முழுக்க ஒரே மஞ்சள். ஒரு தாரில்கூடக் கறுப்பு இல்லை. வேலை கிடைத்த அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தாள், பாதியைத் தின்றாள், மீதியை என்னிடம் நீட்டினாள்.

“எம் பேரப் போட்டுக்குங்க.”

மாடிக்கு ஓடினேன். அவள் பெயரையும், முன்னால் என் இனிஷியலையும் அடித்து முடிப்பதற்குள் கீழேயிருந்து சத்தம்.

“ஏங்க, இனிஷியல் எங்கப்பாவுதப் போடுங்க. ரூம் அவுக வச்சது.”

என் எழுத்தை அழித்தேன். மாமாவின் எழுத்தைப் போட்டு அனுப்பினேன். அந்த எழுத்தோடுதான் அவள் பெயர் இப்போது கர்னலுக்குள் இருக்கிறது.