சிவப்புக் கோடு போட்ட டம்ளர்

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஆசிரியராக இருந்தபோது, நான் ஒரு மனிதரை அவமானப்படுத்தினேன். காசநோய்க்குச் சிகிச்சை பெற்று, முழுதும் குணமாகி வேலைக்குத் திரும்பியிருந்தார் எங்கள் கணக்கு ஆசிரியர். அவருடைய டம்ளரில் சிவப்பு பெயின்டால் கோடு போட்டு, ஆசிரியர் அறையில் தனியாக வைத்தவன் நான்தான். அவர் அதிலேயே தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார்.

மறு வருடம் என் மனைவிக்கு இருமல் வந்தது. மாலையானால் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. என்ன நோய் என்று எனக்கு உள்ளூரத் தெரியும். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனே சானடோரியம்தான். அங்கே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கென்றே படித்த டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே இறங்கினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே! அந்த ஸ்டேஷனைத் தாண்டி, பட்டணத்தில் பேர்போன ஒரு டாக்டரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் சளியைச் சோதிக்காமலே டானிக் எழுதினார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஒருநாள் காலை அவள் கைக்குட்டையில் ரத்தம். "புள்ளைங்களுக்கும் ஒட்டிக்குமோங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளியில் கேட்க வெட்கப்பட்டு, சாயங்காலம் பல்லாவரம் சந்தையில் கணக்கு ஆசிரியரைத் தேடிப் பிடித்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், சானடோரியத்துல பெரிய டாக்டர் யாரு?"

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "வீட்லயா சார்?"

தலையாட்டினேன்.

"பெரிய டாக்டர் எதுக்கு? சளியைப் பாக்காம மருந்து எழுதாதவரா பாருங்க. வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேட்டார்னா, அவரை விட்டுடாதீங்க. நாளைக்கு லீவுதானே, நானும் வரேன்."

மறுநாள் கூடவே வந்து, தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவின் வரிசையில் எங்களை உட்கார வைத்தார். அந்த அம்மா முதலில் கேட்டதே, "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்றுதான். கணக்கு ஆசிரியர் முழங்கையால் என்னை இடித்தார்.

சளி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, காசநோய்தான் என்றார்கள். பிள்ளைகளையும் சோதித்தார்கள், கடவுள் புண்ணியத்தில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. "சரியாயிடும். நல்லாயிட்டோம்னு நடுவுல மட்டும் மருந்தை நிறுத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமா டாக்டர்?"

"டம்ளர்ல வராது சார். இருமறப்போ வாயை மூடிக்கட்டும். ஜன்னலைத் தொறந்து வைங்க."

பக்கத்தில் நின்ற கணக்கு ஆசிரியரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், எல்லார் எதிரிலும் அந்தச் சிவப்புக் கோட்டு டம்ளரில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். "கோடு போட்டது நான்தான். மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

"அடடா, அதை இன்னும் கழுவலையே சார்!" என்றார் அவர். அறையே சிரித்துவிட்டது.

ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டாள் என் மனைவி. "ரவிக்கையெல்லாம் இறுக்கிப் பிடிக்குதுங்க" என்று அவள் அலுத்துக்கொண்ட அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. டம்ளரின் கோட்டைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், முழுதும் போகவில்லை. அதை என்னுடையதாக்கிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அதிலேயே குடித்தேன். அவர் மன்னித்துவிட்டார் என்பது தெரியும். ஆனாலும், அன்று சந்தையில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் என் வீடு என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.