சுல்தான் பாய் வேண்டாம் என்ற பாய்லர்

செய்தி வந்தபோது நான் சிதம்பரத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. டாக்டர் பழைய சிநேகிதர். என்னைக் கேட்காமலே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். “மச்சான், சுல்தான் பாய் போயிட்டாரு. காலைல நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ஒடனே கௌம்பு” என்றது எங்கள் சங்கப் பொருளாளரின் குரல். என் வாய்க்குள் பஞ்சும் கம்பியும் இருந்தன. பாதி அடைத்த பல்லோடு பாயின் ஊரான பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

மூன்று கை மண் அள்ளிப் போட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் அறிவிப்பு வந்துவிட்டது: “நமது என்ஜினுக்கு மறைந்த சுல்தான் பாய் அவர்களின் பெயர் சூட்டப்படும்.” அதன் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். அப்போது பிடித்த கோபம் இன்னும் விடவில்லை. ஆகவே இந்த அஞ்சலியில் மலர் தூவுவது குறைவாகவே இருக்கும். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்களுக்காக விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் நீராவி ரயில் பைத்தியம் பிடித்த பதினோரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். தலைவர் கலியமூர்த்தி, புவனகிரி பக்கம் பரம்பரை ரைஸ்மில்காரர். செயலாளர் நான். தொழில் ஆயுள் காப்பீட்டு முகவர். உபதொழில் உள்ளூர் மாதப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுவது. என் பாலிசியைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதிகம். ரயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செயலாளர் ஆக்கினார்கள்.

பழைய துறைமுகக் குடோன் ஒன்றின் பின்னால், கருவேல முள்ளுக்குள், ஒரு சின்ன மீட்டர்கேஜ் என்ஜினின் மிச்சம் எங்களுக்குக் கிடைத்தது. அடிச்சட்டம், சக்கரங்கள், சிலிண்டர் எல்லாம் இருந்தன. பாய்லர் மட்டும் இல்லை. யாரோ எப்போதோ வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு பாய்லர் வைத்து, கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம் போட்டு, பின்னால் இரண்டு பெட்டி மாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுவது என்பது எங்கள் கனவு.

சுல்தான் பாய் தானாக வந்து சேர்ந்தவர். நீராவி ஓடிய கடைசிக் காலத்தில் ரயில்வே ஷெட்டில் பாய்லர் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் அரபு நாட்டில் வெல்டராக இருந்து திரும்பியவர். முதல் நாள் என்ஜினைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். நாங்கள் சக்கரத்துக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். “பாய்லர்தான் என்ஜினு. மத்ததெல்லாம் மாட்டு வண்டி. மொதல்ல அதுக்கு வழியப் பாருங்க” என்றார். அன்றிலிருந்து அவருக்குப் பாய்லர் பாய் என்று பேர். வைத்தவன் நான்தான்.

வழி இரண்டு இருந்தது. திருச்சிப் பக்கம் பாய்லர் செய்கிற பட்டறையில் வரைபடம் கொடுத்துப் புதிதாகச் செய்வது ஒன்று. அதற்கு ஆளும் நாளும் ஆகும். இன்னொன்று தலைவர் வீட்டு மில்லில் சும்மா கிடந்த பாய்லர். உமி போட்டு எரித்து, நெல் அவித்துக்கொண்டிருந்த பழைய பாய்லர், தாத்தா காலத்துச் சரக்கு. பார்ப்பதற்கு ரயில் பாய்லர் ஜாடைதான். “அந்தக் காலத்து இரும்பு பாய். புதுசு வச்சா அது பொம்மை. இதான் ஒரிஜினல்” என்றார் தலைவர். தாத்தாவின் பேரை என்ஜின் நெற்றியில் பார்க்க அவருக்கு எத்தனை நாள் ஆசை என்பது புவனகிரி ரோட்டில் டீ குடிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

பாய் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நெல்லு அவிச்ச பாய்லர் எப்புடி மச்சான் ஒரிஜினல் ஆவும்? ஷெட்ல ஒரு பாய்லரோட வர்ற என்ஜின் வேற பாய்லரோட போவும். நாங்களே கழட்டி மாத்தியிருக்கோம். என்ஜினுக்கு அது சட்டை மாதிரி.” அது மட்டுமில்லை, மில் பாய்லரின் நெருப்புப் பெட்டி அகலம் ஜாஸ்தி. அடிச்சட்டத்தை இரண்டு பக்கமும் வெட்டினால்தான் உட்காரும். அதற்கும் ஒன்று சொன்னார்: “சட்டை பத்தலன்னு கைய வெட்டுவாங்களா?” நான் அதை ரசித்து என் பத்திரிகைப் பகுதியில் போட்டேன். யார் சொன்னது என்று போடவில்லை. என் ஜோக் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இன்றுவரை நானும் மறுக்கவில்லை.

வாதம் முடிவதற்குள் தலைவர் லாரி வைத்துப் பாய்லரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வந்த வாரமே ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, திருஷ்டிக்குப் பூசணிக்காய். பாய் பரங்கிப்பேட்டையிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். “பழம் நான் வாங்கியாந்துட்டேன். தகடு கனம் அளக்குற மெஷினுக்கு நீங்க ஏற்பாடு பண்ணுங்க” என்றார். சுண்டல் சாப்பிட்டோமே தவிர யாரும் ஏற்பாடு பண்ணவில்லை.

பூஜைக்குப் பிறகு தண்ணீர் சோதனை நடந்தது. பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினோம். தாங்கியது. கை தட்டினோம், ஒருவர் விசில்கூட அடித்தார். “ஒரு சொட்டு ஒழுவல, இப்ப என்ன சொல்றீங்க பாய்?” என்று கேட்டார் தலைவர். பாய் தன் துண்டால் பாய்லரின் வயிற்றைத் துடைத்தபடியே, “ஒழுவலன்னா கொடம் நல்லாருக்குன்னு அர்த்தம். பாய்லர் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. பச்சத்தண்ணி வேற, கொதிக்கிற தண்ணி வேற” என்றார்.

அடுத்த வாரம் ஒரு ஆலையில் வேலை பார்க்கும் தன் மருமகனிடம் அந்த மெஷினை இரவல் வாங்கி வந்தார். வெயிலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, தகட்டை அங்குலம் அங்குலமாக அளந்தார். மெலிந்த இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஏழு வட்டம். நெருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் தகடு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை. அளவுகளை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பாய்லர் முழுக்கப் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். வட்டம் ஒன்றுகூட இல்லை. “பிள்ளைங்க கண்ணுக்கு அழகா இருக்கணும்ல” என்றார் தலைவர். தாள் என்னிடம் இருந்தது. பாலிசி ரசீதுகளோடு பத்திரமாக வைத்துவிட்டு மறந்துபோனேன்.

இனி நான் சொல்ல விரும்பாததற்கு வருகிறேன். முடிவு எடுக்கும் கூட்டம். பாய் எழுந்து நின்று பேசினார். “வண்டி நின்னு போனா தள்ளலாம். பாய்லர் போனா பொறுக்கத்தான் முடியும். பெரியவங்க ஏறுனாகூடப் பரவால்ல, புள்ளைங்கள ஏத்தப் போறோம். புதுசு செய்வோம். ரெண்டு வருஷம் லேட்டா ஆவட்டும்.” தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பூஜ போட்டு வச்ச பொருள வேணாங்குறீங்களே பாய். வேற யாரு சொன்னாலும் பரவால்ல. நீங்க சொன்னா அது வேற மாதிரி ஆயிடும், பாத்துக்குங்க.”

எலுமிச்சம்பழம் வாங்கி வந்த மனிதரைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. நான் எழுந்து நின்று தலைவரைத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் நகைச்சுவையாளன் ஆயிற்றே. இறுக்கத்தை உடைப்பது என் கடமை என்று நினைத்துக்கொண்டு, “பழைய பாய்லர்ல பிரியாணி வேவாதாம், அதான் பாய் புதுசு கேக்குறாரு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். என் மானத்தைக் காப்பாற்றச் சிரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

நான் சங்கத்தின் தீர்மான நோட்டில், “மில் பாய்லரைப் பொருத்துவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினேன். எங்கள் சங்கத்தில் எல்லாத் தீர்மானமும் ஒருமனதுதான். டீயா காபியா என்பதுகூட ஒருமனதாகத்தான் ஏறும். எதிர்த்தவர் பேரை எழுதினால் அவரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும் என்று ஒரு மரியாதை. அந்த மரியாதையை நினைத்தால் இப்போது எனக்கு என் கையெழுத்தே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பாய் போன் பண்ணினார். “மச்சான், நான் வேணாம்னுதான சொன்னேன். அத மட்டும் எழுதிடு. நான் ஜெயிக்கணும்னு இல்ல. நாளைக்கி பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து நோட்டப் பாத்தா, வேல தெரிஞ்சவன் ஒருத்தன் கூட இருந்தே ஒத்துக்கிட்டான்னு நெனைப்பாரு. அத நம்பி அவரும் கையெழுத்துப் போட்டுட்டா?” அடுத்த கூட்டத்தில் திருத்திவிடலாம் என்றேன். அதற்குப் பின் இரண்டு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு தடவையும், “எழுதிட்டியா?” என்று ஒரு வார்த்தை கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் பாலிசி விற்கிறவன் சிரிக்கிற சிரிப்பைச் சிரிப்பேன். தலைவர் கோபித்துக்கொள்வாரே என்று பயம். அவர் குடும்பத்தில் ஒன்பது பேர் என்னிடம் பாலிசி எடுத்தவர்கள். பயத்துக்குக் காரணம் இவ்வளவுதான். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இரங்கல் கூட்டத்தைக் கடலூரில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தார்கள். அவரைப் பிடிவாதக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் மைக்குக்கு முன்னால் அழுதார்கள். “பாய்லரே மூச்சாக வாழ்ந்தவர்” என்றார் ஒருவர். எந்தப் பாய்லர் என்று சொல்லவில்லை. தலைவர் பித்தளைப் பலகையே செய்து கொண்டுவந்திருந்தார், பாயின் பேர் செதுக்கி. தாத்தாவையே விட்டுக்கொடுத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாய் பேரே நெற்றியில் இருக்கும்போது அந்தப் பாய்லரை எவன் குறை சொல்வான்? அடுத்த மாதம் அடிச்சட்டத்தை வெட்டி வேலையைத் தொடங்குவது, பேர் சூட்டுவது, இரண்டையும் சேர்த்து ஒரே தீர்மானமாகப் படித்துவிட்டு, “ஒருமனதாகன்னு எழுதிக்க மச்சான்” என்றார்.

“ஒருத்தர் ஒத்துக்கல” என்றேன்.

“யாருய்யா அது?”

“சுல்தான் பாய்.”

“என்னய்யா வெளையாடுற? அவுரு செத்துட்டாரு.”

“உசுரோட இருந்தப்பவே ஒத்துக்கல. நான்தான் எழுதல. இப்ப எழுதறேன்.”

எழுதினேன். பாலிசி ரசீதுகளுக்குள் தேடி எடுத்து வந்திருந்த பாயின் தாளைப் பார்த்து ஏழு இடத்தின் அளவுகளையும் வரிசையாக எழுதினேன். வட்டங்களின் மேல் யார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது என்பதையும், முடிவு எடுத்த கூட்டத்தில் ‘ஒருமனதாக’ என்று எழுதியது பொய், எழுதியவன் நான் என்பதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். “நோட்டக் குடுய்யா” என்று தலைவர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. பொருளாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் போனது. பின்வரிசையிலிருந்து பாயின் மகள் எழுந்து வந்தாள். பித்தளைப் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். “அத்தா பேர வைக்கணும்னா புது பாய்லர்ல வைங்க மாமா. இல்லன்னா எங்களுக்கு வேணாம்” என்றாள். தலைவர் தண்ணீர் குடித்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

மறுநாள் அந்தப் பக்கங்களை நகல் எடுத்துப் பாய்லர் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். தலைவர் குடும்பத்து ஒன்பது பேரில் இரண்டு பேர் வேறு முகவரைத் தேடுவதாகக் கேள்வி. இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. அதற்குள் அடிச்சட்டத்தை வெட்டிவிடுவார்களோ என்றும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பலகையில் எந்தப் பேர் மின்னினாலும் சரி, அந்தப் பாய்லர் இழுக்கிற வண்டியில் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இதைச் சொன்னவர் சுல்தான் பாய். நான் நகல் எடுத்தவன் மட்டும்.

மைக்குக்கு முன்னால் அழுதவர்கள் அவருடைய போட்டோவை வைத்துக்கொள்ளட்டும். நான் அவரிடமிருந்து ‘வேணாம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். வெயிலில் உட்கார்ந்து அளந்துவிட்டுச் சொன்ன சொல் அது. அவர் அதைக் குரல் உயர்த்தாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வார். எனக்கு அது கத்தலாகத்தான் வருகிறது. உங்கள் நிதானம் எனக்கு வரவில்லை பாய். வரும்வரை கத்திக்கொண்டிருக்கிறேன்.