கை அக்காவின் ஜாய்ஸ்டிக்

கை அக்கா மோதிரத்தைக் கழற்றி டம்ளருக்குள் போடுகிறார். கைக்கடிகாரமும் அதே டம்ளருக்குள் போகிறது. மடியில் ஒரு தலையணை. அதன்மேல் கனமான ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியின் இடது பக்கம் சிவப்பு உருண்டைத் தலையோடு ஒரு ஜாய்ஸ்டிக், வலது பக்கம் ஆறு பெரிய பொத்தான்கள். உருண்டையைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டு, "ம், வா" என்கிறார், மேசைமேல் இருக்கும் லேப்டாப்பைப் பார்த்து. அதன் பிறகு அந்த அறையில் யார் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது.

வேலை பார்ப்பது பிசியோதெரபி நிலையத்தில். மணிக்கட்டு, முழங்கை, விரல் என்று கை சம்பந்தப்பட்ட கேஸ் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அதனால் கை அக்கா. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்து கை வீங்கி வருகிறவர்களை நிற்க வைத்துத் திட்டுவார். "மவுஸைப் பிடிக்கச் சொன்னா கோழிக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க. விட்டுடுங்க, அது எங்கயும் ஓடிடாது." பிறகு வீட்டுக்கு வந்து, பிறருக்குச் சொன்ன அத்தனை புத்திமதியையும் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு, பொத்தான்களைப் போட்டுச் சாத்துவார். கீழ் வீட்டு அம்மா ஒருமுறை மாடி ஏறி வந்து, "தப்பா நினைக்காதீங்க, தினமும் அப்படி என்னத்தைத்தான் நறுக்குவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஜாய்ஸ்டிக் அவர் கல்லூரியில் படித்த காலத்து விளையாட்டுப் பெட்டியோடு வந்தது. விளையாட்டுப் பெட்டி என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. இதற்கு மட்டும் ஆயுசு கெட்டி. ஆனால் பட்டையாக ஊசி ஊசியாய் இருக்கும் அதன் ஒயரின் வாய் நுழைகிற ஓட்டை இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் கிடையாது. "கீபோர்டுலயே ஆடலாமே, எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறே?" என்றார் கணவர். "கீபோர்டுல ஆடறது கையுறை போட்டுக்கிட்டு சாப்பிடற மாதிரி. வயிறு நிறையும், ருசி தெரியாது." சொல்லிவிட்டு, பழைய வாயைப் புது ஓட்டைக்கு மாற்றித் தரும் தீப்பெட்டி அளவு அடாப்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். செருகிய முதல் நாள் லேப்டாப் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரிந்துகொண்டது. மேலே தள்ளினால் ஆள் உட்கார்ந்தான், கீழே இழுத்தால் குதித்தான், சண்டைக்கு வந்தவன் மேடையில் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். கை அக்கா அசரவில்லை. செட்டிங்கைத் திறந்து, எந்தப் பொத்தான் குத்து, எந்தப் பொத்தான் உதை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

எதிராளி கொழுந்தனார்தான், கணவரின் தம்பி. வண்ண மீன் கடை வைத்திருக்கிறார். அவர் கையில் ஒயர் இல்லாத புது கன்ட்ரோலர். வருஷத்துக்கு ஒருமுறை இருவருக்கும் போட்டி. பரிசு ஜெயித்தவருக்கு இல்லை, தண்டனைதான் தோற்றவருக்கு. வெளியூரில் இருக்கும் பெரியத்தைக்கு ஒரு வருஷம் முழுக்க, ஞாயிறுதோறும், குடும்பத்தின் சார்பில் போன் செய்ய வேண்டும். ஜெயித்தவர் தப்பித்தார். சட்டம் போட்டது கை அக்காதான்.

பெரியத்தை போனை எடுத்ததும், "எனக்கு என்ன இருக்கு பேச, நீ சொல்லு" என்பார். அதற்குப் பிறகு மறுமுனையில் இருப்பவருக்கு மூச்சு விட மட்டும்தான் அனுமதி. கை அக்கா தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது போன மாதம்தான். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான விஷயம் மீன் கடையில் நின்றபடி கை அக்காவுக்குத் தெரிய வந்தது. "என்ன அண்ணி, தெரியாதா? பேசி முடிச்சே ரெண்டு வாரம் ஆச்சே" என்றார் கொழுந்தனார், தொட்டிக்குள் வலையை விட்டபடி. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் வீடு விற்கிறார்கள், யாரோடு யார் பேசுவதில்லை, எந்த மாப்பிள்ளைக்கு வேலை போனது, எல்லாம். பெரியத்தை வாயிலிருந்து நேரடி ஒலிபரப்பு. போதாததற்கு, "என் மேல பாசமா இருக்கிறவன் சின்னவன் ஒருத்தன்தான்" என்று பெரியத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கல்யாணப் பெண்ணுக்குப் பள்ளியில் படிக்கும்போது கை முறிந்தது. மாதக்கணக்கில் அதைப் பிடித்து நீவிச் சரி செய்தது கை அக்கா. அவளுடைய கல்யாணச் சேதியே தனக்குக் கடைசியில்தானா என்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் புலம்பித் தீர்த்தார்.

"அதுக்கென்ன, நீயே ஒரு போன் போட்டுப் பேசேன். யார் வேணாங்கறா?" என்றார் கணவர்.

"மூணு வருஷமா தப்பிச்சு ஓடிட்டு, இப்ப நானா போய் நின்னா அத்தை என்ன நினைப்பாங்க? முறைப்படி தோத்துட்டுப் பேசறேன்."

இந்த வருஷம் தோற்றே தீர்வது என்று முடிவாயிற்று. வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றால் கொழுந்தனார் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே, போட்டி அன்று காலையில், கை அக்கா லேப்டாப்பில் செட்டிங்கைத் திறந்து, ஆறு பொத்தான்களின் வேலையையும் கலைத்துப் போட்டார். குத்து இருந்த இடத்தில் உதை, உதை இருந்த இடத்தில் தடுப்பு. இதற்கு மேல் ஜெயிப்பது என்றால் தெய்வமே வந்து ஆடினால்தான் உண்டு.

கொழுந்தனார் வந்தார். கணவர் நடுவர், மடியில் வேர்க்கடலைத் தட்டோடு. மூன்று சுற்று, இரண்டில் ஜெயிப்பவர் வெற்றி.

முதல் சுற்றில் திட்டம் அமோகமாகப் பலித்தது. கை அக்காவின் ஆள் அடிக்க வேண்டிய நேரத்தில் குனிந்தான், குனிய வேண்டிய நேரத்தில் காற்றை உதைத்தான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு விழுந்தான். "அய்யய்யோ" என்றார் கை அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஜெயித்த கொழுந்தனார் முகத்திலோ ஈயாடவில்லை. கணவர் கடலையை வாயருகில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டாவது சுற்றில் ஆரம்பித்தது வினை. கொழுந்தனாரின் ஆள் கடைத்தெருவுக்குப் போகிறவனைப் போல நேராக நடந்து வந்து முகத்தைக் காட்டினான். அப்போதுதான் கை அக்காவுக்கு உறைத்தது, தம்பியும் தோற்கத்தான் வந்திருக்கிறான். சுதாரிப்பதற்குள் விரல்கள் முந்திக்கொண்டன. "கைக்குச் சொல்லிக் கொடுத்தா எதையும் சட்டுனு பிடிச்சுக்கும்" என்று நோயாளிகளிடம் சொல்வது அவரேதான். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே புது ஏற்பாடு முழுவதையும் அவர் கை மனப்பாடம் செய்திருந்தது. குத்தும் உதையும் சரியான இடத்திலிருந்து புறப்பட்டன. எதிராளி மல்லாந்தான்.

"பிரமாதம் அண்ணி! உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார் கொழுந்தனார், முகமெல்லாம் பல்லாக.

மூன்றாவது சுற்றில் மேடையின் ஒரு கோடியில் இவர் ஆள், மறு கோடியில் அவர் ஆள். இருவரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். திரையின் உச்சியில் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"வாங்க அண்ணி."

"இல்ல, நீ வா தம்பி. வயசுல சின்னவன், முதல்ல நீ."

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி?"

"ரெண்டு பேரும் சண்டைக்கு வந்தீங்களா, காத்து வாங்க வந்தீங்களா?" என்றார் கணவர். "நேரம் முடிஞ்சா மறுபடி ஒரு சுற்று. எனக்குக் கடலை தீர்ந்துபோச்சு."

மறுபடி ஒரு சுற்று என்றால் பொத்தான்களை இன்னொரு முறை கலைத்துவிடலாம் என்று கை அக்கா மனக்கணக்குப் போட்டார். கொழுந்தனார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் அண்ணியோடு ஆடியவர், எதைக் கண்டால் அண்ணியால் அடிக்காமல் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். கடைசி நொடிகளில், தன் ஆளை, நெஞ்சைத் திறந்து காட்டியபடி, அண்ணி ஆளின் தலைக்கு மேலே உயரமாகப் பறக்க விட்டார்.

கை அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம்" என்று முணுமுணுத்தார். சிவப்பு உருண்டை கீழே போய் மேலே வந்தது, பொத்தான் ஒன்று டொக்கென்றது. பறந்து வந்தவன் பறந்து வந்த வேகத்திலேயே திரும்பிப் போய் விழுந்தான். திரை முழுக்க வெற்றி என்று மின்னியது.

"அய்யோ, நாலாவது வருஷமும் தோத்துட்டேனே! என் தலையெழுத்து" என்று கொழுந்தனார் பெருங்குரலில் புலம்பினார். புலம்பிக்கொண்டே செல்போனை எடுத்து, பால்கனிப் பக்கம் நடந்தார். "அத்தை, நான்தான் சின்னவன் பேசறேன். சொல்லுங்க" என்பது உள்ளே வரைக்கும் கேட்டது.

கை அக்கா பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. வலது கையைத் திருப்பி உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கையை ஓங்கி, அந்த வலது கை மேல் பட்டென்று ஒரு அடி வைத்தார்.