வெள்ளையாக்கச் சொன்ன மாப்பிள்ளை

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, வத்தேகம டவுனில் நான் பியூட்டி பார்லர் தொடங்கிய புதிதில் நடந்தது இது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மேக்கப்பை ஒருமுறை போட்டுப் பார்க்க ஒரு மணப்பெண் அம்மாவோடு வந்திருந்தாள். அவள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்ப் பார்க்கிற மிட்வைஃப். மாப்பிள்ளையும் கூட வந்தார். கண்டியில் நல்ல உத்தியோகம், மரியாதையான பேச்சு.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

“இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க அக்கா” என்றார். ஆக்கினேன். கழுத்துக்கும் கைக்கும் பூசச் சொன்னார். ஹீல்ஸ் வேண்டாம், தன்னைவிட உயரமாகத் தெரிவாள் என்றார். எல்லாம் என்னிடம்தான். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. வருகிற மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான்.

வேலை முடிகிற நேரம் கண்ணாடியைப் பார்த்துத் திருப்தியாகச் சொன்னார். “இந்தக் கலர் அப்படியே நிக்கணும். அதுக்குத்தான் கல்யாணம் முடிஞ்சதும் வேலைய விடச் சொல்லப்போறேன். வெயில்ல லயம் லயமா அலைஞ்சுதான் கறுத்துப் போயிருக்கா.”

அவளுக்கு அது புதுச் செய்தி. “வேலைக்குப் போகலாம்னுதானே சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“சொன்னேன்தான். வீட்டுல அழகா இருக்கிறதுல ஒனக்கு என்ன கஷ்டம்?”

அம்மா அவள் தோளை அழுத்தினார். “கார்ட் எல்லாம் குடுத்தாச்சு. அப்புறம் பேசிக்கலாம்.”

“இல்லம்மா, இப்பவே பேசிருவோம்” என்றவள் அவரைப் பார்த்தாள். “கறுத்தாலும் பரவாயில்ல. எனக்கு என் வேலை வேணும்.”

அவர் சிரித்தார். கோபம்கூட இல்லை, சின்னப் பிள்ளை அடம்பிடித்தால் சிரிப்போமே, அப்படி. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவள் என்னிடம் திரும்பி, “அக்கா, இதத் துடைச்சு விடுங்க” என்றாள். புதுக் கடை, ஊர் என்ன சொல்லுமோ என்று எனக்குப் பயம்தான், ஆனாலும் பஞ்சை எடுத்தேன். துடைத்தேன். பாதியிலேயே அவர் எழுந்து போய்விட்டார்.

கல்யாணம் நின்றது. மேக்கப்புக்காக நல்ல இடத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்று டவுனில் பேசினார்கள். அவளுடைய அம்மா வெகுநாள் என்னோடு பேசவே இல்லை. அவள் மட்டும் வேலையில் குறை வைக்கவில்லை. என் மகள் பிறந்தபோது எடை பார்க்க வீடு தேடி வந்தவளும் அவள்தான்.

வெள்ளையாக்கச் சொன்னதும் வேலையை விடச் சொன்னதும் அவளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்கிற ஒரே ஆசைதான் என்று அன்று எனக்குப் புரிந்தது, அதனால் இன்றைக்கும் மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “உங்களுக்கு எப்படி வேணும்?” என்று பெண்ணைக் கேட்காமல் நான் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதில்லை.