படகில் உட்கார்ந்த நவாப்

குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக எங்கள் டீக்கடை. நானும் என் மனைவியும் நடத்துகிறோம். பக்கத்துக் கம்பெனியில் வண்டிப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வங்காளி ஒருவர் தினமும் வருவார். கல்கத்தாவில் ஓவியம் படித்தவர். பிழைப்புக்காக இங்கே வந்தவர்.

"அண்ணா, இந்தச் சுவர் சும்மா இருக்கு. வரையட்டா?" என்று ஒருநாள் கேட்டார். சரி என்றேன்.

லீவு நாட்களில் வந்து வரைந்தார். மொகலாயப் படங்களில் வருவதுபோல் பூ வேலைப்பாட்டுடன் விளிம்பு, பக்கவாட்டில் திரும்பிய அரச முகம், முத்துமாலை, கையில் ரோஜா. ஆனால் அரசர் உட்கார்ந்திருந்தது மூங்கில் கூரை போட்ட படகில். சுற்றிலும் ஆறு, வெள்ளி மீன்கள், சிவப்புக்கரை வெள்ளைச் சேலையில் பெண்கள்.

"யாருப்பா இது?"

"எங்க ஊர் நவாப். அரண்மனையும் எங்க ஊர், ஆறும் எங்க ஊர். பிரிச்சு வரைய எனக்கு வராது, அண்ணா."

யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பைக்கில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் எங்கள் கடையில் டீ குடிப்பவன்தான்.

"எவன்டா இத வரைஞ்சது?"

"நான்தான்" என்றார் வங்காளி, வரைந்துகொண்டிருந்த ஏணியில் நின்றபடியே.

"பங்களாதேஷா?"

"இல்ல. இந்தியா. பெங்கால்."

"எங்க ஊரு செவுத்துல என்னாத்துக்குடா மொகலாய ராஜா?"

பதில் வருவதற்குள் ஏணியை உதைத்துவிட்டான். அவர் மல்லாக்க விழுந்தார். ஒருவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். தடுக்கப் போன என் வாயில் ஹெல்மெட்டால் அடித்தார்கள். பல் ஒன்று ரத்தத்தோடு கையில் விழுந்தது. மூன்றாமவன் பைக்கில் கொண்டுவந்திருந்த கடப்பாரையால் நவாபின் முகத்தைக் குத்திப் பெயர்த்தான். பிறகு திரும்பி, தரையில் விரிந்து கிடந்த அவருடைய வலது கையின் மேல் அதே கடப்பாரையை இறக்கினான். எலும்பு உடைந்த சத்தம் லாரி சத்தத்தையும் மீறிக் கேட்டது.

போண்டா போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, கொதிக்கும் எண்ணெயை ஒரு கரண்டி மொண்டு வந்து அவன் தோளில் ஊற்றினாள். அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு அலறினான். அவள் மறுபடி மொள்ளப் போவதைப் பார்த்ததும் மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

இரண்டு பக்கமும் கேஸ் ஆனது. ஊர்க்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். "நீங்களும் எண்ணெய ஊத்தியிருக்கீங்கம்மா. ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிக்குனா முடிஞ்சிருச்சு."

"என் கேஸ நான் பாத்துக்கறேன். ஒடஞ்சது அவரு கை. அவரு சொல்லட்டும்" என்றாள் மனைவி.

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டினார். "வாபஸ் இல்ல."

கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு இப்போதும் மூவரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். ஒருமுறை மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவன் கத்துனது காதுலயே நின்னுக்கினு இருக்குது. ஆனா திரும்ப வந்தா திரும்பவும் ஊத்துவேன்."

அவருக்கு இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். போன மாதத்திலிருந்து மறுபடி சுவருக்கு வருகிறார். பெரிய பிரஷ்ஷால் ஆற்றை மட்டும் பூசுகிறார்.

"முகம்?" என்றேன்.

"மெல்லிசு கோடு கை இழுக்க மாட்டேங்குது, அண்ணா" என்றார். பிறகு திரும்பிக்கொண்டு நீலத்தைக் கலக்கினார்.